மூன்றடி தூரம்

தருமபுரி ஜில்லா என்றால் சாதாரணமாக ஒருவருக்கு என்ன நினைவுக்கு வரும்? ஒகேனக்கல் அருவி வரும். மாம்பழம் வரும். புளி வரும். கேழ்வரகுக் களி வரும். தமிழ் படித்தவர்களாக இருந்தால் தகடூர் என்ற பழைய பெயரும், அங்கே ஆண்ட அதியமானும், அவன் கையால் நெல்லிக்கனி பெற்ற ஒளவையும் வருவார்கள். கோல்ப் விளையாட்டு மட்டும் யாருக்கும் நினைவு வராது. எனக்கும் வந்ததில்லை, சென்ற தை மாதம் என் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில் அதைக் கண்ணால் பார்க்கும் வரையில்.

நண்பர் என்னோடு கல்லூரியில் படித்தவர். ஒரு பாங்கியில் உத்தியோகம். ஊர் ஊராக மாற்றும் உத்தியோகம் ஆகையால், நடுவில் மூன்று வருஷம் உதகமண்டலத்தில் இருந்தார். அங்கே யாரோ அவரைக் கோல்ப் மைதானத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சிலரைச் சீட்டாட்டம் பிடித்துக்கொள்ளும். சிலரை மூக்குப்பொடி பிடித்துக்கொள்ளும். இவரை இது பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு, பாங்கி அவரைத் தருமபுரிக்கு மாற்றிவிட்டது.

தருமபுரியில் கோல்ப் மைதானம் கிடையாது. "ஸ்காட்லாந்துக்காரர் இருந்து ஆண்ட ஊரப்பா இது. ஒரு மைதானம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா?" என்று நண்பர் தாமஸ் மன்றோவின் மேல் குறைப்பட்டுக்கொள்வார். மன்றோ 1790-களில் இங்கே தங்கி நிலவரி ஏற்பாடுகளைச் செய்தவர். ஆசையாகத் தோட்டம் போட்டுக்கொண்டாரே தவிர, நண்பருக்கு வேண்டியதைச் செய்யவில்லை. ஆகவே நண்பர் ஆட வேண்டுமானால் பெங்களூருக்குப் போக வேண்டும். அங்கே 1876-ல் ஏற்பட்ட பழைய கோல்ப் சங்கம் ஒன்று இருக்கிறது. உறவினர் ஒருவரின் தயவில் இவர் அங்கே நுழைவதுண்டு. போவதற்குச் சுமார் 130 கிலோமீட்டர், வருவதற்கு 130. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாய்த்தால் பெரிய காரியம்.

"மற்ற நாளெல்லாம் என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"மற்ற நாளெல்லாம் இருபது நிமிஷம்" என்றார்.

அன்று மாலை அந்த இருபது நிமிஷத்தைப் பார்த்தேன். கொல்லையில் ஒரு மூலையைச் செதுக்கி, சாணம் மெழுகி, வழவழப்பாக வைத்திருந்தார். நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஒரு பெரிய கொட்டாங்கச்சி. ஆபீஸிலிருந்து வந்து, சட்டையை மாற்றி, ஒரு தம்ளர் காபி குடித்துவிட்டு, கையில் ஒரு மட்டையுடன் வந்து நின்றார். பந்தை உருட்டுவதற்கென்றே உள்ள அந்த மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயராம். பட்டர் என்றால் நமக்கெல்லாம் கோயில் அர்ச்சகரோ, ரொட்டியில் தடவும் வெண்ணெயோதான் ஞாபகம் வரும். ஆனால் நண்பர் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற தோரணையில் கோயிலின் பக்தி ஏதோ கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக அதன் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் 18 குழிகள். எங்கோ தொலைவிலிருந்து அடித்து அடித்து, ஒவ்வொரு குழியிலும் பந்தைச் சேர்க்க வேண்டும். மொத்தத்தில் குறைவாக அடித்தவன் ஜெயித்தவன். குழியின் வாய் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். 1891-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தார் வகுத்த அந்த அளவுதான் இன்றும். முதல் அடியில் பந்து 250 கஜம் பறந்தாலும் அது ஓர் அடி. கடைசியில் இரண்டே அங்குலம் உருண்டாலும் அதுவும் ஓர் அடி. ஒரு மைதானத்தை 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்தால், அதில் 36 அடிகள் குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்தை மெல்ல உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. குழிக்கு இரண்டு வீதம். பாதி ஆட்டம் கையெட்டும் தூரத்தில்!

ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் என்ன செய்கிறார்களாம்? ஒரு கூடைப் பந்தைக் கொட்டிக்கொண்டு, தூரத்து மரத்தைப் பார்த்து ஓங்கி ஓங்கி அடிக்கிறார்களாம். பந்து வானத்தில் பறப்பதைப் பார்க்க அழகாக இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் 'ஆஹா' என்கிறார்கள். மூன்றடி தூரத்தில் உருளும் பந்துக்கு 'ஆஹா' சொல்ல யாரும் இல்லை. அது உள்ளே போனால் 'போக வேண்டியதுதானே' என்பார்கள். போகாவிட்டால் சிரிப்பார்கள்.

நண்பரிடம் ஒரே ஒரு பந்துதான் இருந்தது. முதல் ஐந்து நிமிஷம், குழியிலிருந்து மூன்றடி தள்ளி, நாலு திசையிலும் மாறி மாறி நின்று உருட்டினார். ஒவ்வொரு தடவையும் நடந்து போய்ப் பந்தை எடுத்தார், மறுபடியும் குனிந்தார், தரையைப் பார்த்தார், உருட்டினார். அடுத்த பத்து நிமிஷம் வேறு மட்டை. ஒரு துண்டை நாலாக மடித்துப் பத்தடி தூரத்தில் போட்டு, பந்தை எழும்பச் செய்து துண்டின் மேல் விழவைக்கப் பார்த்தார். கடைசி ஐந்து நிமிஷம் கொல்லையின் கோடியிலிருந்து உருட்டினார். அது குழிக்குள் போக வேண்டுமென்று இல்லையாம். குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றாலே போதுமாம். எல்லாம் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பழைய பாங்கி டயரியில், உள்ளே போனது எத்தனை, தவறியது எத்தனை என்று குறித்தார்.

"ஒரு பத்துப் பந்து வாங்கி வைத்துக்கொண்டால் இத்தனை தடவை நடக்க வேண்டாமே?" என்றேன்.

"பத்துப் பந்து இருந்தால் முதல் பந்து தவறினால் வருத்தம் வராது. ஆட்டத்தில் எனக்குக் கொடுப்பது ஒரு பந்துதானே?" என்றார்.

நல்ல பதில்தான். ஆனாலும் நான் கதை எழுதுகிறவன். எதிலும் ஒரு வில்லனைத் தேடுவது வழக்கம். "இதெல்லாம் ஒரு குறுக்கு வழி இல்லையா? ஒரு வித்தையை முழுக்க முழுக்கப் பழகாமல், இருபது நிமிஷத்தில் எது லாபமோ அதை மட்டும் பழகுவது பாங்கிக்காரர் புத்தி அல்லவா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குறுக்கு வழி என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தப்புவது. நான் அப்படி எதையும் விட்டுவிட்டுத் தப்பவில்லையே! இருக்கிற நேரத்தில் செய்யக்கூடியதைச் செய்கிறேன். பெரிய அடியை இந்தக் கொல்லையில் பழகினால் பக்கத்து வீட்டு ஓடு என்ன ஆவது?" என்றார். பிறகு யோக்கியமாக இன்னொன்றும் சொன்னார். "சின்ன அடிதான் எல்லாம் என்று நான் சொல்ல மாட்டேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்க் பிராடி என்று ஒரு பேராசிரியர், பெரிய ஆட்டக்காரர்களின் அடிகளை லட்சக்கணக்கில் கணக்கெடுத்து 2014-ல் ஒரு புத்தகம் போட்டார். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்து அடிகளால்தான் வருகிறது என்பது அவர் முடிவு. அது உண்மையாகவே இருக்கட்டும். எனக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு பெங்களூரில் இருக்கிறது. மீதி ஒரு பங்கு இதோ கொல்லையில் இருக்கிறது. பெங்களூருக்குப் போக முடியவில்லை என்பதற்காகக் கொல்லைக்கும் போகாமல் இருக்கலாமா?"

இந்தக் கேள்வி என்னை ஏதோ செய்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வேலி ஓரமாக வந்து நின்றான். பத்து வயது இருக்கும். கால்சட்டைப் பையில் கோலிக்குண்டுகள் கலகலத்தன. நண்பர் கடைசியாக உருட்டிய பந்து குழியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வலப்பக்கமாகப் போனதை அவன் பார்த்துவிட்டான். "அங்கிட்டு வாட்டமா இருக்கு சார். கொஞ்சம் இப்பிடித் தள்ளி உடணும்" என்று சொல்லி, மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு தன்னுடைய கோலி ஒன்றை விரலால் தெறித்தான். அது கொஞ்சம் இடப்பக்கம் போய், தானே வளைந்து திரும்பி, கொட்டாங்கச்சிக்குள் விழுந்தது. நண்பர் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"இவன்தான் எனக்கு வாத்தியார்" என்றார்.

எனக்கும் என் பிள்ளைப் பிராயம் ஞாபகம் வந்தது. கிட்டிப்புள் ஆடாதவர்கள் நம்மில் யார்? புள்ளின் முனையில் மெதுவாக ஒரு தட்டு. அது எழும்பும்போது ஓங்கி ஓர் அடி. ஓங்கி அடிப்பதைத்தான் நாங்கள் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொள்வோம். ஆனால் தட்டு சரியில்லாவிட்டால் புள் எழும்பாது; எழும்பாத புள்ளை எந்த வீமன் அடித்து என்ன பயன்? அந்தத் தட்டுக்கு ஊரில் யாரும் பேர் சொன்னதில்லை.

இரவு சாப்பாட்டின்போது நண்பர் இன்னொரு விஷயம் சொன்னார். இங்கிலாந்தில் தபால் இலாகா ஊழியர்களுக்கு விசைப்பலகையில் எழுத்து அடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததாம். பாட்லி, லாங்மன் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நாள் ஒன்றுக்கு ஒரே மணி நேரம் பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு நாலு மணி நேரம், இரண்டிரண்டாக. 1978-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, செலவழித்த மணிகளைக் கூட்டிப் பார்த்தால், நாளுக்கு ஒரு மணி பழகியவர்கள்தான் குறைந்த மணிகளில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் மிகவும் அதிருப்தி கொண்டவர்களும் அவர்களேதான்! மற்றவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டார்களே, நாம் இன்னும் நாள் கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறோமே என்று அவர்களுக்குக் குறை. சிறுகச் சிறுகச் சேர்கிறவனுக்குத் தன்னிடம் சேர்வது தெரிவதில்லை. மனித சுபாவம் அப்படி.

தபால் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் களி தொண்டையில் நின்றது. காரணத்தை நண்பரிடம் அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் பஸ் ஏறி ஒகேனக்கல்லுக்குப் புறப்பட்டோம். அந்தப் பாதையில்தான் பென்னாகரம் இருக்கிறது. பென்னாகரத்தில் என் அத்தை இருந்தாள்.

என் தகப்பனாருக்கு மூத்தவள். பிள்ளை இல்லாதவள். பள்ளிக்கூட விடுமுறைகளை நான் அவள் வீட்டுப் புளியமரத்தடியில்தான் கழித்தேன். களியைக் கையால் உருட்டி, குழி செய்து, அதில் கீரைக் குழம்பை ஊற்றி, "கண்ணு, சூடு ஆறதுக்குள்ள முழுங்கு" என்பாள். அவளுக்கு வயதான பிறகு காது அடியோடு மந்தமாகிவிட்டது. டெலிபோனில் பேசிப் பயன் இல்லை. ஆனால் கண் நன்றாகத் தெரியும்; எழுத்துக் கூட்டி வாசிப்பாள். "நாலு வரி கார்டு போடு, போதும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள்.

நான் போடவில்லை. அன்பில்லாமல் அல்ல. நாலு வரி எழுதுவது அவளுக்குச் செய்கிற குறைவு என்று நினைத்தேன். அத்தைக்கு எழுதினால் பத்துப் பக்கம் எழுத வேண்டும், அந்தப் புளியமரத்தைப் பற்றியும் அந்தக் களியைப் பற்றியும் எல்லாம் எழுத வேண்டும், அதற்கு ஓய்வாக ஒரு நாள் வேண்டும் என்று தள்ளிப் போட்டேன். ஒரு பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, அவள் ஒரு டஜன் தபால் கார்டு வாங்கி, பன்னிரண்டிலும் தன் விலாசத்தைத் தானே கோணல் எழுத்தில் எழுதி, என் கையில் கொடுத்தாள். "உனக்கு வேலை மிச்சம் கண்ணு. பின்பக்கம் நாலு வரி கிறுக்கினாப் போதும்" என்றாள்.

இரண்டு வருஷத்தில் அவற்றில் மூன்று கார்டுகளைப் போட்டேன். ஒன்பது மேஜை டிராயரில் இருந்தன. அந்த இரண்டு வருஷமும் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அத்தை வருகிறாள். வாசகர்கள் அவளைக் கொண்டாடினார்கள். 'உங்கள் அத்தையைப் போல ஒரு ஜீவன் எங்களுக்கு வாய்க்கவில்லையே' என்று கண்ணீரோடு எழுதினார்கள். அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதினேன். ஒரு நாள் பென்னாகரத்திலிருந்து தகவல் வந்தது. ஒன்பது கார்டுகளும் டிராயரில்தான் இருந்தன.

இதை நான் சொல்லி முடித்தபோது பஸ் பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூன்றடி" என்றார். அவ்வளவுதான்.

ஆம், மூன்றடிதான். பந்து அங்கே வந்து நின்றுவிட்டது. விலாசம்கூட எழுதியாகிவிட்டது. நான் தூரத்து மரத்தைப் பார்த்து மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினோம். மூங்கில் பின்னி, முன்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் படுதாவும் போர்த்திச் செய்யும் அந்த வட்ட ஓடத்துக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. நடு ஆற்றில் பரிசல்காரர் எங்களை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். ஆனால் நான் கவனித்தது வேறு. கரைக்கு நாலு முழம் இருக்கும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். துடுப்பை ஆழமாகப் போடவில்லை. தண்ணீரைத் தடவுவதுபோல் இரண்டு மூன்று சின்ன அசைவு. சுழன்று வந்த பரிசல் அடங்கி, பாறையில் இடிக்காமல், ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் போய் ஒட்டியது. அதற்கு யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு நண்பர் வீட்டு மாடியில் படுத்திருந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒளவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று மனத்தில் வந்து நின்றது. சங்க காலத்து ஒளவை வேறு, பிற்கால ஒளவை வேறு என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்துச் சொல்வார்கள். இருந்தாலும் அதியமான் ஊரில் படுத்துக்கொண்டு எந்த ஒளவையை நினைப்பதும் பொருத்தந்தான். ஓவியமும், தமிழும், கல்வியும், நடையும் பழக்கத்தால் வருவன. ஆனால் நட்பும் இரக்கமும் கொடையும் மட்டும் பிறவியிலேயே வருவன என்பது அந்தப் பாட்டின் கருத்து.

பாட்டிக்கு எதிராகப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்கத் தோன்றியது. எனக்கு அத்தையிடம் இரக்கம் இல்லையா? அன்பு இல்லையா? இருந்தது, பிறவியிலேயே இருந்தது. அந்த அன்பை வைத்துக்கொண்டு ஒரு நாவலே எழுதினேன். அப்படியும் கார்டு போகவில்லையே, ஏன்? அன்பு என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கை இல்லை. கையைப் பழக்கவில்லை. குணம் பிறவியில் வரலாம், பாட்டி. அது கடைசி மூன்றடியைக் கடப்பது பழக்கத்தால் அல்லவா வருகிறது?

அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வாழவைக்கும் அந்தக் கனி அவன் கையில் இருந்தது. ஒளவை எதிரில் இருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கை நீளந்தான். 'இன்னும் சிறப்பாக ஒரு விழா எடுத்து, அவை கூட்டி, அப்போது கொடுக்கலாம்' என்று அவன் நினைத்திருந்தால் கனி வாடியிருக்கும். அவன் கையை நீட்டினான். அன்றைக்கு மட்டும் திடீரென்று நீண்ட கையா அது? வந்தவர்களுக்கெல்லாம் நாள்தோறும் நீண்டு நீண்டு பழகிய கை.

இங்கே ஒரு கேள்வியை வாசகர்கள் கேட்கலாம். அன்பைப் பயிற்சி செய்வது போலித்தனம் ஆகாதா? நேரம் குறித்துக்கொண்டு, டயரியில் எழுதிக்கொண்டு, இன்று இரண்டு நல்ல வார்த்தை சொன்னேன், ஒன்று தவறிவிட்டது என்று கணக்குப் பார்ப்பவனை நாம் நல்லவன் என்போமா, நடிகன் என்போமா?

இந்தக் கேள்வியைக் காலையில் நண்பரிடமே கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார், நடந்த கதை. அமெரிக்காவில் பாபி ஜோன்ஸ் என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். கோல்ப் அவருக்குத் தொழில் அல்ல. சட்டம் படித்து வக்கீலானவர். மற்றவர்கள் அதையே ஜீவனமாக வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, இவர் கிடைத்த நேரத்தில் ஆடி, 1930-ல் ஒரே வருஷத்தில் அன்றைய நாலு பெரிய பட்டங்களையும் வென்று, இருபத்தெட்டாம் வயதில் போட்டிகளிலிருந்து விலகிவிட்டார். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1925-ல், அமெரிக்க ஓபன் போட்டியில், புல் அடர்ந்த இடத்தில் மட்டையை வைத்தபோது அவருடைய பந்து கொஞ்சம் அசைந்துவிட்டது. அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள், 'நாங்கள் பார்க்கவில்லையே' என்றார்கள். அவர் தாமே தம் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மக்ஃபார்லேன் என்பவரோடு சமமாக நின்று, மறு ஆட்டத்திலும் சமமாகி, மூன்றாவதாக ஆடியதில் ஒரே ஓர் அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைக் கூட்டியிராவிட்டால் மறு ஆட்டமே இல்லை; பட்டம் அவருக்குத்தான். ஊர் உலகமெல்லாம் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தபோது அவருக்கு அந்தப் புகழ் பிடிக்கவில்லையாம். திருடாமல் இருந்ததற்காக ஒருவனைப் புகழ்வார்களா என்பது அவர் எண்ணம்.

"அவருக்கு அது பிறவிக் குணமா, பழக்கமா?" என்று நண்பர் கேட்டார்.

நான் யோசித்தேன். யாரும் பார்க்காத கொல்லைகளில், யாரும் கேட்காத கணக்குகளில், எத்தனை ஆயிரம் தடவை தம் தவறுகளைத் தாமே எழுதிப் பழகியிருந்தால், பட்டம் போகிற நேரத்திலும் அந்தக் கை தயங்காமல் எழுதியிருக்கும்! போலி என்பது பிறர் பார்க்கச் செய்வது. பார்க்க ஆளில்லாத இடத்தில் செய்வதைப் போலி என்று எப்படிச் சொல்வது? தொடக்கத்தில் அது கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கும். தாய்மொழிகூட முதலில் மழலையாகத்தான் வருகிறது. பழகப் பழகத் தொடங்கிய நாளே மறந்துபோகிறது. பார்க்கிறவர்கள் அதற்குப் பிறவிக் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இதனால் பெரிய காரியங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அணை கட்டுகிறவர்கள் கட்டத்தான் வேண்டும். காவியம் பாடுகிறவர்கள் பாடத்தான் வேண்டும். அந்தப் பேராசிரியர் சொன்ன மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. ஆனால் நம்மைப்போன்ற குடும்பஸ்தர்களுக்கு, ஆபீஸும் வீடும் ரேஷனும் வைத்தியமும் போக மீதி இருப்பது ஒரு கொல்லையும் இருபது நிமிஷமுந்தான். 'நேரம் கிடைத்தால் எவ்வளவோ செய்வேன்' என்று சொல்லிக்கொண்டே ஆயுளைக் கழித்துவிடலாம். கிடைக்காத நேரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிடைத்த நேரத்துக்குக் கணக்குக் காட்டாமல் தப்புகிறோமே, அதுதான் உண்மையான குறுக்கு வழி. இதைச் சொல்ல எனக்கு ஒன்பது கார்டுகளின் உரிமை இருக்கிறது.

ஊர் திரும்பியதும் மேஜை டிராயரைத் திறந்தேன். அந்த ஒன்பதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது; விலாசம் எழுதியாகிவிட்டது. அதே இடத்தில் வைத்துவிட்டு, தபாலாபீஸுக்குப் போய்ப் புதிதாக ஒரு கட்டு வாங்கி வந்தேன்.

இப்போது இரவு படுக்கப் போகும் முன் நாள்தோறும் ஒரு கார்டு எழுதுகிறேன். ஒன்றே ஒன்று, நாலு வரி. முதல் கார்டு, அத்தையைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் போயிற்று. பிறகு பழைய வாத்தியார், ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பவர், சண்டை போட்டுப் பேசாதிருந்த ஒரு சிநேகிதர் என்று போய்க்கொண்டிருக்கிறது. எல்லா நாளும் எழுதிவிடுகிறேன் என்று சொன்னால் பொய். சில நாள் தவறுகிறது. தவறிய நாளையும் ஒரு டயரியில் குறித்து வைக்கிறேன்.

அந்தச் சிநேகிதரிடமிருந்து பதில் வந்தது. என் கார்டைப் பார்த்துப் பதறிப்போய் எழுதியிருந்தார்: 'என்ன விஷயம்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பணம் ஏதாவது தேவையா?'

சிரிப்பு வந்தது; உடனே வெட்கமும் வந்தது. காரணமில்லாமல் நாலு வரி எழுதுகிறவன் என்று என்னை நம்ப அவருக்குக் காரணம் இல்லை. இன்னும் சில கார்டுகள் போக வேண்டும்.